எறும்புகள் எதிரெதிரே நிற்கும் அந்த ஒரு நொடி

அந்தக் காலத்தில், காக்கையும் கீரியும் வழக்குப் பேசித் திரிந்த காலத்தில், ஈயும் வண்டும் ஊர்க்கதை அளந்த காலத்தில், வாயை மூடிக்கொண்டு திரிந்த ஒரே கூட்டம் எறும்புக் கூட்டம்தான். வாய் இல்லாமலா? இருந்தது. கணீரென்ற குரலும் இருந்தது. பேசத்தான் விடமாட்டார்கள்.

ஒரு பனங்காட்டில் ஒற்றைப் பனையின் அடியில் சின்னக் கறுப்பெறும்புகளின் புற்று இருந்தது. காட்டின் ஓரத்தில் கருப்பட்டி காய்ச்சும் கொட்டகை. பனையடியிலிருந்து கொட்டகை வரைக்கும் விடிந்தால் ஒரு வரிசை கிளம்பும், பொழுது சாய்ந்தால்தான் அடங்கும். அந்த வரிசைக்கு ஒரு மேஸ்திரி. பெயர் மண்டையப்பர். உடம்பில் பாதி தலைதான், பெயரில் ஒரு தப்பும் இல்லை. வழியில் ஒரு கூழாங்கல் மேல் ஏறி நின்றுகொண்டு நாள் முழுக்க ஒரே பாட்டு: "நிக்காதே! நட! நிக்காதே! நட!"

வரிசைக்கு ஒரு சட்டம். நடுவில் நின்று பேசினவளுக்கு வரிசையில் இடம் கிடையாது. மூன்றே மூன்று சேதிக்கு விலக்கு உண்டு: மழை, எதிரி, சாவு. அதையும் மண்டையப்பரிடம் சொல்லவேண்டும். அவர் போய்ப் புற்றின் அடியறையில் இருக்கும் ஆத்தாவிடம் சொல்லுவார். ஆத்தாதான் அத்தனை பேரையும் பெற்றவள், ராணி.

வரிசையை விட்டு விலக்கினால் என்ன, தனியாகப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். எறும்புக்கு வீட்டுக்கு வழி காட்டுவது வரிசையின் வாசனைதான். அது இல்லாவிட்டால் வெயிலில் சுற்றிச் சுற்றிக் கருகவேண்டியதுதான். முந்தின கோடையில் செம்பாச்சி என்று ஒருத்தி, எதிரே வந்தவளை நிறுத்தி "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், பாவம். அன்றைக்குத் துரத்தப்பட்டவளை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

அந்தப் புற்றில் பொடிச்சி என்று ஒருத்தி இருந்தாள். எறும்பிலேயே பொடி. போதாக்குறைக்கு முன்னங்கால் ஒன்று பிறவியிலேயே குட்டை. சுமை தூக்கினால் ஒரு பக்கம் சாயும், நாலு எட்டில் விழும். அதனால் அவளுக்கு எப்போதும் உடைந்த நொய்தான். மற்றவர்கள் முழு அரிசியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஏக்கமாக இருக்கும். இருந்து என்ன செய்ய? கால் குட்டை, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டாள்.

ஒருநாள் காலையில் கொட்டகையில் சமையலுக்கு அரிசி களைந்த இடத்தில் நொய் ஒன்றுகூட இல்லை. கிடந்தது ஒரே ஒரு அரிசி. முழு அரிசி! முனைகூட உடையாத அரிசி. பொடிச்சி அதைச் சுற்றிவந்தாள். முன்னால் பிடித்தாள், விழுந்தாள். பின்னால் பிடித்தாள், விழுந்தாள். அப்புறம் ஒரு யோசனை வந்தது. குட்டைக் கால் பக்கமாக அரிசியைக் கொஞ்சம் தள்ளிச் சாய்த்துப் பிடித்தால் என்ன? பிடித்தாள். தூக்கினாள். அரிசி நின்றது! ஒரு எட்டு வைத்தாள். நின்றது! இரண்டு எட்டு, பத்து எட்டு, கூழாங்கல்லைத் தாண்டி, சருகைத் தாண்டி, பனை வேரில் ஏறி இறங்கி, வாசலில் நுழைந்து, அரிசிக் குதிரில் கொண்டுபோய் வைத்தேவிட்டாள்!

அடியாத்தி! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். குதிரில் ஆயிரம் அரிசி கிடந்தது, அதில் அவள் அரிசியும் ஒன்று. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் யாருக்கு என்ன தெரியும்? தினமும் நூறு பேர் கொண்டுவருகிற அரிசிதானே!

வெறுங்கையாக மறுபடி வரிசைக்கு வந்தாள். வாய் நமநமவென்றது. எதிரே ஒருத்தி வந்தாள், சொல்லலாமா? செம்பாச்சி ஞாபகம் வந்தது, விழுங்கிக்கொண்டாள். இன்னொருத்தி வந்தாள், விழுங்கிக்கொண்டாள். மழையா பெய்தது, எதிரியா வந்தான், சொல்வதற்கு? ஒரு அரிசி தூக்கினேன் என்பதெல்லாம் ஒரு சேதியா? அப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. சந்தோஷம் உள்ளேயே கிடந்து குதித்தது. இன்னும் கொஞ்ச நேரம் அடக்கினால் வயிறு வெடித்துச் செத்தாலும் செத்துப்போவோம் என்று தோன்றியது. அவளுக்கு வேறு யோசனை ஓடவில்லை. எதிரே அடுத்தபடியாக யார் வந்தாலும் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டினாள்.

வந்தது யார்? கடுக்காச்சி!

கடுக்காச்சி என்றால் புற்றுக்கே தெரியும். கடுக்காயைக் கடித்தமாதிரியே முகம். யாரிடமும் சிரித்தது கிடையாது. பொடிச்சி ஒரு எட்டு பின்வாங்கினாள். ஆனாலும் நின்றாள். மண்டையப்பர் காதில் விழக்கூடாதே என்று வாயைத் திறக்கவில்லை. முகத்தோடு முகம் வைத்து, தன் மீசையால் கடுக்காச்சியின் மீசையைத் தொட்டு, தட்டித் தட்டிச் சொன்னாள். பொம்பளைக்கு மீசையா என்று சிரிக்காதீர்கள், எறும்பின் முகத்தில் நீட்டிக்கொண்டிருக்குமே இரண்டு நூல், அதைத்தான் சொல்கிறேன்.

"அக்கா, நான் இன்னைக்கு முழு அரிசி தூக்கினேன்க்கா! நான் ஒருத்தியாவே! கீழயே போடல!"

கடுக்காச்சி அப்படியே நின்றாள். முகம் இன்னும் கடுகடுத்தது. போச்சு, மேஸ்திரியைக் கூப்பிடப்போகிறாள் என்று பொடிச்சி கண்ணை மூடிக்கொண்டாள். கடுக்காச்சியின் மீசை மெதுவாக அவள் மீசையைத் தட்டியது.

"நீயா? அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"ஆமாக்கா!"

"அடி என் ராசாத்தி!" என்றாள் கடுக்காச்சி. கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் படபடவென்று கொட்டினாள். "எனக்கும் ஒண்ணு இருக்குடி. காலையில பாகுச் சொட்டுல ஆறு காலும் ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான், செத்தோம்னு நினைச்சேன். ஒவ்வொரு காலா இழுத்து இழுத்து நானே வெளிய வந்துட்டேண்டி! யார்கிட்டயும் சொல்லல. விடிஞ்சதுலேர்ந்து தொண்டையில நிக்குது."

"ஆறு காலுமா!"

"ஆறும்டி!"

இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்கினார்கள். அடுத்த கணம் அவரவர் வழியில் ஓடினார்கள். கடுக்காச்சி ஓடி யாராவது பார்த்திருக்கிறார்களா? அன்றைக்குப் பார்த்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். பொடிச்சிக்கு ஒருத்தியிடம் சொன்னது போதவில்லை. அடுத்தவளிடம் சொன்னாள், அதற்கடுத்தவளிடம் சொன்னாள். ஒருத்திகூட "இதுல என்ன இருக்கு" என்று கேட்கவில்லை. கேட்டவள் எல்லாம் தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டாள். ஒருத்தி முதல்முறையாக முட்டையை உருட்டாமல் தூக்கிப்போயிருந்தாள். ஒருத்திக்குப் போன வாரம் சுளுக்கின கால் அன்றைக்குச் சரியாகியிருந்தது. ஒருத்தி பல்லியின் மூக்குக்கு முன்னால் நடந்து வந்திருந்தாள், அதுவும் தெரியாமலே! உச்சி வெயிலுக்குள் வரிசையில் பாதிப்பேர் மீசையும் மீசையுமாக நின்றார்கள். யாரோ ஒருத்தி அடக்கமாட்டாமல் வாய்விட்டு "கெக்கெக்கே" என்று சிரித்துவிட்டாள்.

மண்டையப்பர் திரும்பினார். பதினேழாவது ஆளிடம் "முழு அரிசிக்கா!" என்று தட்டிக்கொண்டிருந்த பொடிச்சி கையும் களவுமாக மாட்டினாள்.

"வரிசையை நிறுத்திட்டியா? நீயா? நொய் தூக்குறவளா?" என்று அவர் போட்ட சத்தத்தில் பனையிலிருந்த அணில் கீழே இறங்கிப் பார்த்தது. "வா, ஆத்தாகிட்ட! இன்னைக்கே உன்னைத் தள்ளிவெச்சாத்தான் மத்தவளுக்குப் புத்தி வரும்!"

பொழுது சாய்வதற்குள் புற்றின் அடியறையில் கூட்டம் கூடிவிட்டது. நடுவில் ஆத்தா படுத்திருந்தாள். பெரிய உடம்பு, அசைய முடியாது, வெளியே வந்து வருஷக்கணக்காயிற்று. அவள் முன்னால் பொடிச்சி தனியாக நின்றாள். சந்தோஷமெல்லாம் எங்கே போயிற்றோ. வெளியே தள்ளினால் எந்தப் பக்கம் போவது என்று மட்டும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"ஆத்தா, இவ வரிசையை நிறுத்தினவ. சட்டப்படி இவளுக்கு இனிமே வரிசையில இடமில்லை" என்றார் மண்டையப்பர். "இவகூட நின்னு பேசினவ யாராச்சும் உண்டா? இருந்தா முன்னால வாங்க. அவங்களுக்கும் அதே தண்டனைதான்."

பதினேழு பேரும் தரையைப் பார்த்தார்கள். யார்தான் சாக ஆசைப்படுவார்கள்? பொடிச்சி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தாள்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு கடுகடுத்த முகம் முன்னால் வந்தது.

"நான் பேசினேன்" என்றாள் கடுக்காச்சி. "கேட்டேன், நானும் சொன்னேன். பாகுல மாட்டின ஆறு காலையும் நானே பிடுங்கிக்கிட்டு வந்தேன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆறு காலும்!"

"ஆறுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வாயைப் பிளந்தது.

"ஆறும்!"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "நானும் பேசினேன் ஆத்தா! முட்டையை உருட்டாமத் தூக்கினேன்னு சொன்னேன்!" "நானும்தான்! என் சுளுக்கு விட்டுப்போச்சு, இதோ பாருங்க!" "பல்லி என்னைப் பாக்கவே இல்லை ஆத்தா!" குற்றத்தை ஒத்துக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சேதிக்கும் கூட்டம் "ஹோ!" என்று கத்தியது. அன்றைக்குப் பேசவே பேசாதவர்களும் புகுந்து, போன மாதத்துச் சேதியெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். மண்டையப்பரைத் தவிர அத்தனை பேரும் முன்னால் வந்து நின்றாயிற்று.

மண்டையப்பருக்கு வேர்த்துவிட்டது. "எல்லாரையும் தள்ளிவைக்கணும் ஆத்தா! சட்டம்!"

"தள்ளிவெச்சுட்டு?" என்றாள் ஆத்தா. அவள் பேசியதும் கூட்டம் அடங்கியது. "நீ ஒருத்தன் மட்டும் வரிசையாப் போவியா?"

மண்டையப்பர் ஓரமாக ஒதுங்கினார்.

ஆத்தா பொடிச்சியைப் பார்த்தாள். "கிட்ட வாடி. அவங்ககிட்ட என்ன சொன்னியோ, அதை எனக்கும் அதே மாதிரி சொல்லு."

பொடிச்சி நொண்டிக்கொண்டே போய், ஆத்தாவின் பெரிய முகத்தில் தன் முகத்தை வைத்து, மீசையால் மெல்லத் தட்டினாள். "முழு அரிசி தூக்கினேன் ஆத்தா. கீழ போடல."

ஆத்தா பேசியபோது குரல் உடைந்திருந்தது.

"இத்தனை வருஷமா இந்த இருட்டுல கிடக்கேன். மழை வருதும்பாங்க, எதிரி வர்றான்பாங்க, இன்னைக்கு இன்னார் செத்துட்டாங்கம்பாங்க. என் பிள்ளைங்களுக்கு நடக்குறதே இது மூணுதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே! ஆறு காலைப் பிடுங்கிக்கிட்டு வந்திருக்கா ஒருத்தி, குட்டைக் காலோட முழு அரிசி தூக்கியிருக்கா ஒருத்தி. பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களாடா பாவிகளா!"

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஒரு தொண்டை செருமியது. பார்த்தால் மண்டையப்பர்!

"வந்து... ஆத்தா... எனக்கும் ஒண்ணு இருக்கு." பெரிய தலை கவிழ்ந்திருந்தது. தினமும் சாயங்காலம் வாசலில் அவர் தலை மாட்டிக்கொள்ளும், நாலு பேர் பின்னாலிருந்து தள்ளித்தான் உள்ளே வருவார் என்பது ஊரறிந்த விஷயம். "நேத்து வாசல்ல என் தலை மாட்டல. கொஞ்சம் சாய்ச்சு நுழைஞ்சேன். யாரும் தள்ளாம நானா உள்ள வந்தேன். சொல்லலாம்னு பாத்தேன். சொல்றதுக்கு எனக்கு யாருமில்லை."

எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல், புற்றின் மண் உதிர்ந்தது! முதலில் ஓடிப்போய் அவர் மீசையைத் தொட்டது யார் என்கிறீர்கள்? பொடிச்சிதான்.

ஆத்தா சட்டத்தை மாற்றினாள். "இனிமே எதிர்ல யார் வந்தாலும் நின்னு சேதி சொல்லணும், கேட்கணும். எவ்வளவு சின்னச் சேதியா இருந்தாலும் சரி. இதுல என்ன இருக்குன்னு யாரும் கேட்கக்கூடாது. ஆனா மேஸ்திரி சொல்றதும் நியாயம்தான், வரிசை தேங்கினா குஞ்சுங்க பட்டினி கிடக்கும். அதனால ஒரு நொடி, ஒரே ஒரு நொடி நில்லுங்க. மீசையாலேயே சொல்லிட்டு ஓடுங்க!"

மீசையால் சொல்லும் ருசி கண்டபின் வாயால் பேச யாருக்கும் தோன்றவில்லை. பேசாமல் பேசாமல் குரலும் எங்கேயோ போய்விட்டது. அதைப் பற்றி எந்த எறும்பும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அன்று முதல்தான், சுவரிலானாலும் மரத்திலானாலும், எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் முகத்தோடு முகம் வைத்து ஒரு நொடி நிற்காமல் போவதில்லை. தன்னைவிடப் பெரிய சுமையோடு வருகிற எறும்பும் நிற்கும். சுமையை இறக்காமலே அடுத்தவளின் சேதியைக் கேட்டுவிட்டு, முன்னைவிட வேகமாக ஓடும்.