தேக்சா கழுவ வைத்த ஓநாய்

வெள்ளிக்கிழமை பிரியாணி வயிற்றில் இறங்கியதும் அந்த அறையில் புளுகுக் கச்சேரி களைகட்டிவிடும். பாலைவனத்தில் ரோடு போடும் கம்பெனியின் தகர அறை. ஆறு கட்டில், ஒரு ஏசி. அந்த ஏசியும் மனசு வைத்தால்தான் குளிரும். வெளியே குழாயடியில் பிரியாணி ஆக்கிய தேக்சா அடிபிடித்துக் கிடக்கும். அதை யார் கழுவுவது என்பதற்குத்தான் இந்தக் கச்சேரியே.

சட்டம் சுருக்கமானது. சீட்டில் பெயர் வந்தவர் புளுக வேண்டும். "பொய்" என்ற சொல் யார் வாயிலிருந்து விழுந்தாலும் தேக்சா அவருக்கு. கடைசிவரை யாரும் சொல்லாவிட்டால் புளுகியவருக்கே.

அன்றைக்குச் சீட்டில் வந்த பெயர் மலுக்கு. தேவிபட்டினத்துக்காரன், தண்ணி லாரி ஓட்டுகிறவன். போன இரண்டு வெள்ளியும் அவன்தான் கழுவினான். அந்தத் தேக்சாவுக்குள் இடுப்புவரை இறங்கினால்தான் அடி கைக்கு எட்டும். இரண்டு தடவையும் ஊரிலிருந்து மனைவி ஜொகரா கூப்பிட்ட நேரத்தில் அவன் உள்ளே இருந்தான். "இன்னைக்கும் எடுக்கலேன்னா இனி நான் கூப்பிடமாட்டேன்" என்று காலையில் குரல்செய்தி வந்திருந்தது. இன்றைக்கு எவன் வாயையாவது கிளறி அந்தச் சொல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும்.

"இந்த நாட்டுல ஓநாய் எங்கெங்க இருக்கு, நல்லா இருக்கா, மெலிஞ்சு கெடக்கான்னு கவர்மெண்டுக்கு ஒரு கவல," என்று தொடங்கினான். "ஒரு ஆபீசர் ஜீப்புல வந்தாரு. ஓநாய்தான் மனுசன் கண்ணுல படாதே. அதனால பொழுது சாயுறப்ப மேட்டுல நின்னு நாம ஊளை விடணும். எங்கேருந்து பதில் வருதோ அங்க ஓநாய் இருக்குன்னு எழுதிக்கிறணும். பாவம், அவருக்குத் தொண்டை கட்டிருச்சு. குரல் மாத்திப் பேசுற ஆள் இருக்கானான்னு கேட்டாரு. மொத்தக் கேம்பும் என்னையக் கை காட்டுச்சு."

இதுவரைக்கும் நம்பலாம். மலுக்கின் தொண்டைக்குள் ஒரு சந்தையே குடியிருந்தது. சூப்பர்வைசர் வர்கீஸ் "எந்தடா, உறங்கான் வந்நதாணோ" என்று, தூங்கவா வந்தாய் என மலையாளத்தில் அதட்டுவது, லாரி ரிவர்ஸில் வரும்போது கத்துவது, போனுக்குள் இருக்கும் அம்மா வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று வருத்தப்படுவது, எல்லாம் வரும்.

"இருக்கும், இருக்கும்," என்றார் சீமைச்சாமி. முதுகுளத்தூர்க்காரர், கம்பி கட்டுகிறவர்.

"முதல் ஊளை விட்டேன். நம்புங்க, சுத்துவட்டாரத்துல இருந்த ஒட்டகம் பூரா அப்படியே உக்காந்துருச்சு. ரெண்டாவது ஊளைக்குத்தான் ஓநாய் பேசுச்சு. வடக்க இருக்கிறது நல்லாத் தின்னு கொழுத்தது, ஏப்பத்தோட ஊளை விடும். தெக்க இருக்கிறது அவ்வளவு ஒல்லி மாமா. ரெண்டு ஓநா சேந்து நின்னாத்தான் ஒரு நெழல் விழும்."

"அதுவும் சரிதான்."

"மணல்ல சூடு தாங்காதுல்ல? காலைல வலப்பக்க ரெண்டு காலால நடக்கும். மத்தியானத்துக்கு மேல இடப்பக்கத்துக்கு மாறிக்கிறும்."

சீமைச்சாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். மலுக்கு மணி பார்த்தான். ஜொகரா கூப்பிடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"எல்லைப் பக்கத்து ஓநாய் எதுக்கும் இக்காமா கெடையாது. போலீஸ் வண்டி லைட்டைப் பாத்தா ஓட்டமா ஓடும்."

"எனக்கும் இங்க தங்குற பெர்மிட்ட இன்னும் புதுப்பிக்கல மாப்ள. நானும் அப்படித்தான் ஓடுறேன்."

"கேம்புக்குக் கிட்ட இருக்கிறதுதான் ரொம்ப மோசம். நம்ம மிச்சக் குபூஸ் ரொட்டியும் பருப்பும் தின்னு ஒண்ணுக்குச் சக்கரை வியாதியே வந்துருச்சு. ஆபீசர்கிட்டச் சொன்னேன். அழுதுட்டாரு."

"மனுசன்னா அழத்தான் செய்வாரு."

அறைக்கே கல்லு நெஞ்சு. மலுக்கு தன்னையே எடுத்து அடுப்பில் போட்டான்.

"என் வீரத்தையும் கேளுங்க. ஒருநா ஒரு கூட்டமே நேர்ல வந்து நின்னுச்சு. நான் ஓடின ஓட்டத்துல என் நெழல் பின்தங்கி மறுநாதான் கேம்புக்கு வந்து சேந்துச்சு. வெளக்குக் கம்பத்துல ஏறினேன். பயத்துல கம்பம் முடிஞ்சதுகூடத் தெரியாம மேல கொஞ்சதூரம் ஏறிட்டேன். பெரிய ஓநா கீழ விழுந்த என் செருப்பை மோந்து பாத்துச்சு. மூக்கைச் சுளிச்சுச்சு. அப்புறம் ரெண்டு செருப்பையும் சோடியா வச்சுட்டு, இத விடப் பட்டினியே மேல்னு கூட்டத்தைக் கூட்டிட்டுப் போயிருச்சு."

"இதுல சந்தேகமே இல்ல," என்றார் சீமைச்சாமி. "அந்தச் செருப்பை நானும் மோந்திருக்கேன்."

இனி ஒன்றுதான் பாக்கி. மலுக்கு குரலைத் தாழ்த்தினான்.

"எதுத்த மேட்டுல ஒரு பொட்ட ஓநா. தெனமும் நான் ஊளை விட்டா அது பதில் சொல்லும். நான் இழுத்தா அதுவும் இழுக்கும். நான் விக்கினா அது தண்ணி குடின்னு சொல்லும். கடைசில என்னையத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. ஆபீசர் எங்க ரெண்டு பேரையும் ஒரு சோடின்னே எழுதிட்டுப் போயிட்டாரு. இன்னைக்கும் கணக்குல நான் இருக்கேன்."

மூலைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தங்கமரியான் மெல்லப் புரண்டார். நாகர்கோவில் பக்கத்து வெல்டர். கச்சேரியில் அவர் வாயே திறந்ததில்லை.

"மக்கா, அந்தப் பொட்ட ஓநாய் நாந்தான்."

மலுக்கு அவர் பக்கம் திரும்பினான்.

"ஒனக்க ஆபீசர் இந்த மேட்டுக்கு வந்தாரு. வேற ஒரு ஆபீசர் அந்த மேட்டுக்கு வந்து என்னையப் பிடிச்சாரு. தொண்டை அவருக்கும் கட்டியிருந்துச்சு. நீ ஊளை விடும்ப எடையில ஒரு இருமல் இருமுவ கேட்டியா, அதை வச்சுத்தான் ஆளு நீன்னு தெரிஞ்சுகிட்டேன். மனசு நோகாண்டாம்னு பதில் சொன்னேன்."

"அண்ணாச்சி, அதுவும் இருக்கலாம்," என்றான் மலுக்கு.

"கட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னது நானில்ல, நீ. எனக்கு ஊர்ல பெஞ்சாதி உண்டேன்னு ஊளையில சொன்னேன். எனக்குந்தான் உண்டு, அந்த ஜொகரா வெறும் நச்சரிப்பு, அவளைத் தள்ளி வச்சுட்டு வந்துருதேன்னு நீ நீளமா ஒரு ஊளை விட்டியா இல்லியா?"

"பொய்," என்று கட்டிலிலிருந்து குதித்தான் மலுக்கு. "ஜொகராவப் பத்தி நான் அப்படிச் சொல்லவே இல்ல அண்ணாச்சி. சத்தியமா பொய்."

அறை ஓவென்று சிரித்து அடங்கப் பாதிநாள் ஆனது என்று மலுக்கே பிற்பாடு சொல்லுவான். தங்கமரியான் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலுக்கு தேக்சாவுக்குள் தலைகீழாக இருந்தபோது போன் அடித்தது. சீமைச்சாமிக்கு மனசு கேட்கவில்லை. ஓடிவந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, தேக்சாவுக்குள் கையை நீட்டிப் பிடித்தார்.

"என்ன, கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது?" என்றாள் ஜொகரா.

"ஆபீஸ் ரூம்ல இருக்கேன் புள்ள. பெரிய ரூம்பு, அதான் எதிரொலி."

"பொய்."

வாசலில் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். "தங்கச்சி, சட்டம் சட்டம்தான்," என்றார் சீமைச்சாமி. "அந்தச் சொல்லைச் சொன்னவங்கதான் பாத்திரம் கழுவணும்."

"நான் என்னண்ணே இங்க பண்ணிக்கிட்டு இருக்கேன்? ரெண்டு வருசமா கழுவிக்கிட்டுத்தான் இருக்கேன். உங்களுக்காச்சும் ஒரு கத கெடைக்குது."

தேக்சாவுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு ஊளை கிளம்பியது. நீளமாக, நடுவில் ஒரு இருமலோடு.

போனின் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஊளை வந்தது, பாத்திரம் உருளும் சத்தத்தோடு.

தங்கமரியான் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"தேவிபட்டினம் பக்கம் ஒண்ணு இருக்கு, எழுதிக்கோ. நல்ல ஆரோக்கியம். கோவத்துல இருக்கு."