பூபாலன் சாரின் காது

ஸ்கூல் பிள்ளைகளைக் காரில் கூட்டிப்போகும் எஸ்தர், பின் சக்கரத்தில் தேய்ந்துபோன பேரிங்கை வீட்டு வாசலில் வைத்துத் தானே கழற்றிப் புதிது மாட்டிவிட்டாள். ஸ்கூலிலோ, கம்பெனி சர்வீஸ் சென்டரில் 'வண்டி நல்லா இருக்கு' என்று எழுதி வாங்கி வந்தால்தான் ஆச்சு என்றார்கள்.

அங்கே மேனேஜர் பூபாலன் பெரிய ஆள். சக்கரத்தைத் தொடவே மாட்டார். காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். எஸ்தரும் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் போனாள்.

"வீட்டுல மாட்டினதா? இதென்ன இட்லித் தட்டா, நீயே கழட்டி மாட்ட?" என்றபடி வண்டியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து கரகரவென்று சத்தம்.

"நிறுத்து! பேரிங் போச்சு. வண்டியை விட்டுட்டுப் போ, நாங்க மாத்தித் தர்றோம்."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சார். பேரிங்தானா?"

"இருபது வருஷக் காதும்மா இது!"

எஸ்தர் இறங்கி டிக்கியைத் திறந்தாள். ஒரு தூக்குவாளி சாய்ந்து கிடந்தது. அதற்குள் துருப்பிடித்த பழைய பேரிங்.

"உங்க காது பொய் சொல்லலை சார். இது போன பேரிங்தான். புதுசு சத்தமில்லாம சக்கரத்துல இருக்கு."

மெக்கானிக்குகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூபாலன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, தானே ஆட்டிப் பார்த்தார். இம்மியும் ஆடவில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போதும் அவர் காதால்தான் கண்டுபிடிக்கிறார். முதலில் மட்டும் டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்.