சிவப்புக் குறி போட்ட முகம்

"அவளுக்கு எப்படித்தான் புரியவைக்கிறது, தாயே?"

கேட்டவர் தில்லைநாயகம். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டது தன் குருவிடம். கரட்டடியில் சின்ன மடம் ஒன்றில் இருந்த அந்த அம்மாள், சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஞானத்துக்கு சீனியாரிட்டி பார்ப்பதில்லை.

"யாருக்கு, வாத்தியாரே?"

"காரைக்குட்டையில பாவாயின்னு ஒருத்தி. என் அட்டையை எங்க பார்த்தாலும் கிழிச்சுப் போடறா."

அட்டை என்றால் தில்லைநாயகம் வரைந்த சுகாதாரப் பட அட்டை. மொத்தம் பன்னிரண்டு. கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, நகம் வெட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு படம். வலது பக்கம் சரியாகச் செய்கிறவள், அவளுக்குப் பச்சை டிக். இடது பக்கம் தப்பாகச் செய்கிறவள், அவள் முகத்தின் குறுக்கே சிவப்பில் பெருக்கல் குறி. சுற்றுப்பட்டு நாற்பது ஊரிலும் ஒட்டியிருந்தார்கள்.

"அவ முகத்தை வரைஞ்சு காட்டுங்க."

சிலேட்டில் வரைந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

குரு எழுந்து போய், மடத்துச் சுவரில் இருந்த கை கழுவும் அட்டையைப் பிய்த்து வந்து, சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சிவப்புக் குறிக்கு அடியில் அதே தழும்பு விழுந்த புருவம். அதே எடுப்பான பல்.

தில்லைநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"அவளேதான், தாயே. குழாயடியில பார்த்தேன். குழந்தைக்கு மூக்குச் சிந்திவிட்டு, அதே கையால முறுக்கை ஒடிச்சுக் குடுத்தா. நின்ன இடத்துலயே வரைஞ்சுட்டேன். நேர்ல பார்த்து வரைஞ்சாதான் படத்துல உசிர் இருக்கும்."

குரு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய் அவ கையால ஒரு செம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வாங்க," என்றார்.

போனார்.

பாவாயிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. வழியோடு போகிற பெரியவர் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்திருந்தது.

செம்புக்குள் பார்த்தார். தண்ணீர் பச்சையாக இருந்தது. ஏதோ நெளிந்தது.

"குழாய்த் தண்ணி இல்லையாம்மா?"

"கல்லு வெட்டின குழியில தேங்கின தண்ணிங்க. குழாயில என்னைப் பிடிக்க விடமாட்டாங்க."

"ஏன்?"

"ஐப்பசியில ஊருக்குள்ள பேதி வந்துச்சு. நாலு குழந்தை போச்சு. மொதல்ல போனது என் பையன். மத்த மூணும் என்னாலதான் போச்சாம். படத்துலயே போட்டிருக்கே, படிச்சவங்க சும்மாவா போடுவாங்கன்னு கேக்கறாங்க."

அழாமல் சொன்னாள். அழுது முடித்திருந்தாள்.

"படத்துல இருக்கற மாதிரி நான் முறுக்கு குடுத்த அன்னிக்கிக் குழாயடியில பதினேழு பொம்பளைங்க நின்னோம். எல்லாப் பிள்ளைக்கும்தான் சளி. எல்லாரும் அதே கையாலதான் குடுத்தோம்."

தில்லைநாயகம் செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"எங்க வீட்டுக்காரரு அந்த அட்டையைக் கொண்டாந்து, தொட்டில் கட்டியிருந்த எடத்துல ஒட்டினாரு. மொத மொதல்ல அன்னிக்கித்தான் கிழிச்சேன்."

அவர் செம்பைக் கீழே வைத்தார். காய்ச்சாத தண்ணீரைக் குடிக்காதே என்று இரண்டாவது அட்டையில் எழுதியவர் அவர்.

"தாத்தா, குடிக்கலையா?"

குழந்தை கேட்டுவிட்டு, செம்பை எடுத்து அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தது.

தடுக்கத்தான் கையை நீட்டினார். தடுத்துவிட்டு எதைக் கொடுப்பது? நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். தன் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக எங்கேயும் நின்றதில்லை.

மடத்துக்குத் திரும்பினார்.

"குடிச்சீங்களா?"

"இல்ல, தாயே. அவ மக குடிச்சிட்டா."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். குரு தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அழுது ஓய்ந்ததும் தில்லைநாயகம் பென்சிலைத் தேடி எடுத்தார். கை அப்படிப் பழகியிருந்தது.

"அந்த முகத்தை எடுத்துடறேன், தாயே. எல்லா அட்டையையும் திரும்ப வாங்கி, வேற முகம் போட்டுடறேன்."

"யார் முகம்?"

அவர் யோசித்தார். தெரிந்த முகமெல்லாம் வந்தது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு வீடு இருந்தது, வீட்டில் பிள்ளை இருந்தது.

"யார் முகமும் இல்ல. கற்பனையா ஒண்ணு."

"குறியை வச்சுட்டீங்கன்னா, ஊரு அதுக்கொரு முகத்தைத் தேடிக்கும்."

பென்சில் கையிலிருந்து நழுவியது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

குரு உள்ளே போய்க் குடம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"காரைக்குட்டைக் குழாயில வரிசையில நில்லுங்க. யார் வீட்டுக்குத் தண்ணின்னு கேப்பாங்க. பாவாயி வீட்டுக்குன்னு சொல்லுங்க."

"அவ பேரைச் சொன்னா என்னையும் விடமாட்டாங்களே, தாயே."

"அந்தப் படம் எப்படி வந்துச்சுன்னும் சொல்லுங்க."