நாலு கட்டத் தீ

நாச்சியார் வீட்டுப் படியேறி வந்த வேகத்தில் தங்கப்பழம் செருப்பைக் கழற்றவும் மறந்துபோனார்.

குருவைவிட இருபது வயது மூத்த சீடர் அவர். விரிப்பில் கட்டம் போட்டு, ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் புகுந்து, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. அதை நடத்தத்தான் நாச்சியாரிடம் கற்றுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் முதன்முறையாகத் தனியாக நடத்தினார். நடத்திய அழகு, சண்டையில் போய் முடிந்தது.

"ஒரே ஒரு கேள்வி டீச்சர். சூனியக்காரி போடுத தீக்கோளம் நாலு கட்டத்துக்குப் பரவுது. மூலைவாட்டத்துல கட்டத்தை எண்ணணுமா, நூல் பிடிச்சு அளக்கணுமா?"

"யாரு செத்தா?"

"மிக்கேலோட வைத்தியன்."

நாச்சியாரின் முகம் இறுகியது. மிக்கேல் இரண்டு வருடமாக ஆடிவந்த வைத்தியன் அது. பொம்மையைக்கூட அவரே மரத்தில் செதுக்கி வர்ணம் பூசியிருந்தார்.

"எண்ணினா உள்ளே இருக்கான், நூல் பிடிச்சா வெளியே. புத்தகத்துல எண்ணத்தான் சொல்லியிருக்கு. எண்ணினேன், செத்தான். அதுக்கு அந்தப் பய பகடையைச் சுவத்துல விட்டெறிஞ்சிட்டுப் போறான்! இனி என் மூஞ்சியில முழிக்க மாட்டானாம். பள்ளிக்கூடத்துலருந்து பழகுனவன் டீச்சர்!"

 குரலை இன்னும் உயர்த்தினார்.

"நியாயத்தைச் சொல்லுங்க. நூலா, எண்ணிக்கையா?"

நாச்சியார் விரிப்பை உதறிப் போட்டாள்.

"இருந்தது இருந்தபடி அடுக்குங்க."

தங்கப்பழம் கொண்டுவந்த பையைக் கவிழ்த்து அடுக்கினார். கோட்டை வாசலில் மூன்று வீரர்கள். அவர்களுக்கு வெகு பின்னால், தூண்களுக்கு நடுவே, மிக்கேல் விட்டுப்போன மர வைத்தியன். மதில் மேல் சூனியக்காரி. ஆட்டத்தை நடத்துகிறவர் என்ற முறையில் அவளுக்காக ஆடியவர் தங்கப்பழம்.

"தீ எங்க விழுந்துச்சு?"

தூண்களின் ஓரமாக ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். அங்கிருந்து எண்ணிக் காட்டினார். நூலும் பிடித்துக் காட்டினார். அவர் சொன்னது அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா? நான் எண்ணுனது தப்பா?"

"தப்பில்ல."

"அப்ப அவன்ட்ட நீங்களே சொல்லுங்க!"

நாச்சியார் விரிப்பின் மேல் குனிந்தாள். வைத்தியனை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"நீங்கதான் சூனியக்காரி. வாசல்ல மூணு பேரு கதவை உடைக்காங்க. தீயைப் போடுங்க."

தங்கப்பழம் யோசிக்கக்கூட இல்லை. மூன்று வீரர்களுக்கு நடுவே விரலை வைத்தார்.

"இங்கதான் போடுவா. இதுல என்ன கேள்வி?"

நாச்சியார் வைத்தியனைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தாள். தங்கப்பழம் பார்த்தார். எண்ணவும் வேண்டியிருக்கவில்லை, நூலும் வேண்டியிருக்கவில்லை. தீ அந்தப் பக்கம் எட்டியே பார்க்காது.

"சாயங்காலம் மிக்கேல் அண்ணன் உங்களை என்ன செஞ்சாரு?"

"என்னத்தைச் செஞ்சான்..." அவருக்குக் காது சூடேறியது. "சூனியக்காரி மாதிரி குரலை மாத்திப் பேசுனேன். ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால நின்னு பழகுனது டீச்சர். எல்லாரும் வாயைப் பொளந்து கேட்டாங்க. அவன் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கான்."

"எப்ப சிரிச்சாரு?"

"தீயைப் போடுததுக்குக் கொஞ்சம் முன்னாடி."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. ஆனாலும் விடவில்லை, விடுகிற மனுஷரும் இல்லை.

"அது கிடக்கட்டும் டீச்சர். நூலா, எண்ணிக்கையா? அதைச் சொல்லுங்க."

நாச்சியாருக்கு வந்ததே ஆத்திரம். மர வைத்தியனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"மிக்கேல் அண்ணன் சிரிச்சப்பவே இவன் செத்தாச்சு. அதுக்கப்புறம் எதை வச்சு அளந்தா என்ன, அண்ணாச்சி?"