பாதி இலை கொடுத்த செடி

கடலும் கரையும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஒரு மணற்கரையில் ஒரு செடி நின்றது. நல்ல நெட்டை. இலை ஒவ்வொன்றும் தட்டுப் போல வட்டம், பூ ஊதா. பெயர்தான் கிடையாது. நின்ற இடத்திலிருந்து தொடுவானம் வரை பார்ப்பதில் அதற்கு அவ்வளவு பெருமை. அதன் பின்னால் ஒரு நல்லதண்ணி ஊற்று. அந்தக் கரையில் நாக்கு நனைக்க வேறு தண்ணீர் இல்லை.

கடல் வருஷத்துக்குப் பத்தடி ஏறிவந்தது. ஒருநாள் அலையிடம் சொல்லியனுப்பிற்று: "அமாவாசைக்கு ஊத்து வரைக்கும் வாரேன். இடத்தைக் காலி பண்ணுங்க."

புன்னை மரத்தடியில் நண்டு, ஆமை என்று கரையில் உள்ளவர்களின் கூட்டம் கூடியது. ஊற்றுக்கு முன்னால் மணல்மேடு எழுப்புவதென்று ஒரே பேச்சில் முடிவாயிற்று. காற்றைக் கூப்பிட்டார்கள்.

"மணல் கொண்டாரேன், சும்மா இல்ல," என்றது காற்று. "நான் வச்சு விளையாட ஏதாச்சும் தாங்க. இன்னொண்ணு. கொட்டுன மணலைப் பிடிச்சுக்கிட ஆள் வேணும். இல்லேன்னா மறுநாள் நானே அள்ளிட்டுப் போயிருவேன். என் புத்தி அப்படி."

நண்டு மெல்லக் கொடுக்கை மணலுக்குள் ஒளித்தது. "ஆமையக்கா ஓடு பெருசு. அதைக் கொடுக்கட்டும்."

"நான் வருஷத்துக்கு ஒருக்கா முட்டையிட வாரவ. இங்கேயே கிடக்கிற உன் கொடுக்கைக் கொடேன்," என்றது ஆமை.

புன்னை கொட்டாவி விட்டது. "அலை என் காலடிக்கு வர இன்னும் பத்து வருஷம் ஆகும். நான் ஏன் இப்பவே அழணும்?"

"மாமா, நீரு குடிக்கிறது எந்தத் தண்ணி?" என்று செடி கேட்டது. "ஊத்து உப்பாச்சுன்னா பத்து நாள் தாங்க மாட்டீரு."

"வாய் நீளுதே! அப்ப நீயே கொடு."

"கொடுக்கத்தான் போறேன். காத்தண்ணே, என் இலை ஒவ்வொண்ணுலயும் பாதியை எடுத்துக்க."

காற்று ஒவ்வோர் இலையையும் நடுவில் கிழித்து, பாதியை எடுத்துக்கொண்டு பறந்தது. செடி ஒருமுறை தொடுவானத்தைப் பார்த்தது. பிறகு ஊற்றுக்கு முன்னால் தரையோடு தரையாகச் சாய்ந்தது.

"ஏட்டி, படுத்தா எந்திரிக்க முடியாது!" என்று நண்டு அலறியது.

"தெரியும்."

கணுவுக்கு ஒரு வேர் இறக்கியது. காற்று கொட்டிய மணல் அதன்மேல் குவிந்தது. அது மணலைப் பிளந்து தலையை நீட்டி, இன்னும் கொஞ்சம் படர்ந்தது. நண்டுக்கு வெட்கமாகிவிட்டது. ஒளித்த கொடுக்கை வெளியே எடுத்து, மணலை உருட்டி உருட்டி மேட்டில் போட்டது. புன்னைகூடத் தன் சருகையெல்லாம் மேட்டுப் பக்கமே உதிர்த்தது.

அமாவாசையன்று கடல் வந்தது. செடி கிடந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்தது.

"என்னட்டி, கால்ல விழுந்துட்டியா?"

"கால்ல விழல. உன் வழியில படுத்திருக்கேன். முடிஞ்சா தாண்டிப் போ."

கடல் அறைந்தது. ஒரு கொடியைப் பிய்த்தது. செடி இரண்டு கொடி விட்டது. மறுபடி அறைந்தது. மேடு கரைந்தது, ஆனால் உடையவில்லை. கடைசியில் மூச்சு வாங்க, "அம்மாடி, என்னா அடம்!" என்று சொல்லிக்கொண்டே கடல் பின்வாங்கியது.

பெயரில்லாத செடிக்கு அடம்பு என்று பெயர் வந்தது அப்படித்தான். கொடுத்த பாதியை அது திருப்பிக் கேட்கவுமில்லை, எழுந்து நிற்கவுமில்லை. அந்த அமாவாசை தொட்டு இன்றுவரை, அடம்பங்கொடியின் இலை ஆட்டுக்குளம்பு மாதிரி நடுவில் பிளந்தே இருக்கிறது. கடலும் மேடு வரைக்கும் வந்து, யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது.