எருக்கங்காய் ஈயின் சாட்சி

முன்னொரு காலத்தில் பூவாணி நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டான். அவனுக்கு மாம்பழம் என்றால் உயிர். கோபம் அதைவிடப் பிடிக்கும். ஒருநாள் அவன் கடித்த பழத்தில் புழு நெளிந்தது.

தோட்டத்து அதிகாரி வெங்கோபர் முந்திக்கொண்டார். "பிரபு, கோட்டைக்கு வெளியே எருக்கங்காடு இருக்கிறதே, அந்தக் காயில் பிறக்கிற ஈதான் இங்கே வந்து முட்டையிடுகிறது. செம்பாயி என்று ஒருத்தி அங்கே குடிசை போட்டுக்கொண்டு, எருக்கை வெட்டவே விடமாட்டேன் என்கிறாள்."

"காட்டைக் கொளுத்து! அவளைத் துரத்து!" என்றான் ராஜா.

செம்பாயியை இழுத்து வந்தார்கள். "சாமி, எம்புள்ளைங்க ரெண்டும் அங்கதான் மண்ணுக்குள்ள கிடக்குதுங்க. என்னை அங்கேருந்து கிளப்பாதீங்க" என்று காலில் விழுந்தாள். பாவம், யார் காதிலும் ஏறவில்லை.

மந்திரி அழகியநம்பி மட்டும் எழுந்தார். "பிரபு, ஈயையும் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாமே?"

"ஈயை விசாரிப்பதா! பசித்தால் அது எதிலும் உட்காரும்" என்று சிரித்தார் வெங்கோபர்.

"எல்லோரையும் உங்களைப் போல நினைக்கலாமா? கண்ட பந்தியில் கை நனைக்காத ஈயும் உண்டு ஐயா."

மந்திரி புழு விழுந்த எருக்கங்காய்களை மணல் பானையில் போட்டுத் துணியால் வாய் கட்டினார். புழுக்கள் மணலுக்குள் இறங்கிக் கூடு கட்டி, ஈயாக வெளிவந்தன. அவற்றைத் துணிக்கூண்டில் விட்டு, ஒரு மாம்பழமும் ஒரு எருக்கங்காயும் உள்ளே வைத்தார். சில நாள் கழித்துச் சபையில் இரண்டையும் அறுத்தார்கள். எருக்கங்காய் முழுக்கப் புழு. மாம்பழத்தில் ஒன்றுகூட இல்லை.

"அப்படியானால் என் பழத்தில் இருந்தது?"

"அது வேறு ஈ, பிரபு. விழுந்து அழுகும் பழங்களைப் பொறுக்காமல் விட்டால் பெருகும். பொறுக்கவேண்டியவர் இதோ நிற்கிறார்."

அழுகல் பழங்களை வெங்கோபர் தம் பட்டு அங்கவஸ்திரத்தில் கட்டிச் சுமக்கவேண்டும் என்று உத்தரவானது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டுவிட்டு, செம்பாயியைப் பார்த்தான்.

"அங்கே அவ்வளவு எருக்கு எப்படியம்மா முளைத்தது?"

"அது எங்க ஊரு சாமி. உங்க எதிரிக்குத் தண்ணி குடுத்தோம்னு உங்க சேனை வந்து வீட்டையெல்லாம் இடிச்சுது. இனி யாரும் அங்க குடியிருக்கக் கூடாதுன்னு கழுதை பூட்டி உழுது எருக்கு வெதச்சுட்டுப் போச்சு. எம்புள்ளைங்க வீட்டுக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சுங்க."

சிரிப்பு நின்றது. ராஜாவுக்கு அந்த ஊரின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

"உன் ஊரை நான் திரும்பக் கட்டித் தருகிறேன்" என்றான்.

"கட்டுங்க சாமி. யாரைக் குடிவைப்பீங்க?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் மந்திரியின் பக்கம் ராஜா திரும்பினான். அவர் அழுதுகொண்டிருந்தார்.