யாரும் சாப்பிடாத பதார்த்தம்

மருதங்காட்டு ஜமீன்தாருக்கு நாக்கும் நீளம், பெருமையும் நீளம். சம்பந்திகள் வந்திருந்த அன்று சமையல்காரி முத்தக்காளைக் கூப்பிட்டு, அவர்கள் காதில் விழும்படி சொன்னார்:

"உலகத்தில் இதுவரை ஒருத்தர்கூடச் சாப்பிடாத பதார்த்தம் நாளைக்கு என் இலைக்கு வரவேண்டும். வராவிட்டால் நீ அடுப்படிப் பக்கமே வரக்கூடாது."

முத்தக்காளை நம்பி வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். ரசத்துக்குப் புளி கரைத்தபடி யோசித்தாள். கரைத்து முடிப்பதற்குள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் பந்தியில் பெரிய அண்டா ஒன்றை மூடிக் கொண்டுவந்து வைத்தாள். ஜமீன்தார் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"என்னடி இது, வெறும் அண்டா!"

"இல்லை எசமான். கண்மாய் வெட்டி முடித்தால் ஊருக்கே வடை பாயசத்தோடு விருந்து என்று போன வருஷம் சொன்னீர்களே, அந்த விருந்துதான் இது. கண்மாய் நிரம்பிவிட்டது. விருந்தை இன்றுவரை ஒருத்தரும் சாப்பிடவில்லை" என்றாள், பருப்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில்.

பெரிய சம்பந்தி இருமினார். அது இருமல் இல்லை என்று சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்டாவையே முறைத்துக்கொண்டிருந்த ஜமீன்தாரின் மீசையும் துடித்தது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"உன் கைப்பக்குவம் எனக்குத் தெரியும். வாய்ப்பக்குவம் இன்றைக்குத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஊருக்கு விருந்து. நீயே சமை!"

முத்தக்காள் கும்பிட்டாள்.

"எந்த வெள்ளிக்கிழமை, எசமான்?"